மெய்யும் மேலாடையும்

தமிழில் 'மெய்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. உடலும் மெய், உண்மையும் மெய். எழுத்துப் பாடத்திலும் இச்சொல் வருகிறது. மெய்யெழுத்தோடு உயிரெழுத்துக் கூடினால் அஃது உயிர்மெய்யாகிறது. 'க' என்னும் எழுத்தில் மெய் எங்கே முடிகிறது, உயிர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட எவராலும் இயலாது. முதலாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த செய்தி இது.

எனினும் உடல் தாழ்வானது, உயிரே உயர்வானது என்று பிரித்துப் பேசும் வழக்கம் உலகெங்கும் உண்டு, தமிழரிடையேயும் உண்டு. அவ்வாறு பேசியவர்கள் எல்லாருடைய உடலையும் ஒரே அளவில் தாழ்வாகக் கருதினார்களா என்றால், இல்லை. சிலருடைய உடல் தீட்டு என்றனர். சிலருடைய உடல் உழைப்பதற்கே உரியது என்றனர். சில பெண்களின் உடலோ உடையவனின் கண்ணுக்கும் கைக்கும் உரிய பொருளாக எண்ணப்பட்டது. இப்பகுப்பு எவ்வாறு தோன்றியது? சமயம் இதற்குத் துணை நின்றதா, எதிர்த்து நின்றதா?

இவ்வினாக்களை அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை முன்வைத்து ஆராய்ந்தவர் கெல்லி பிரவுன் டக்ளஸ் என்னும் இறையியல் அறிஞர். அவர் கண்ட முடிபுகளைத் தமிழர் வரலாற்றின் சில பக்கங்களோடு ஒப்பிட்டுக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் ஆசிரியரும்

டக்ளஸ் அம்மையார் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் 1983ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றவர். அத்திருச்சபையில் அப்பட்டம் பெற்ற முதல் சில கறுப்பினப் பெண்களுள் அவரும் ஒருவர். நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் ஜேம்ஸ் கோன் என்பாரிடம் பயின்றார். கறுப்பின மக்களின் விடுதலையே நற்செய்தியின் நடுப்பொருள் என்று 1969இல் நூலெழுதி, 'கறுப்பு இறையியல்' என்னும் துறைக்கு வித்திட்டவர் கோன்.

ஆசிரியரின் கொள்கையில் ஒரு குறை இருப்பதை மாணவி கண்டார். நிறவெறியைப் பற்றி விரிவாகப் பேசிய கறுப்பு இறையியல், கறுப்பினப் பெண்களின் நிலையைப் பற்றியும் பாலுணர்வைப் பற்றியும் போதிய அளவு பேசவில்லை. அக்குறையை நிறைக்க அவர் எழுதிய நூல் 'பாலுணர்வும் கறுப்புத் திருச்சபையும்'. 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2005, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த நூல்களில் இக்கருத்தை மேலும் வளர்த்துள்ளார். 2021இல் வந்த நூல் சமயத் துறைக்கான கிராவமேயர் பரிசை 2023இல் பெற்றது.

அடிமை முறையும் பாலுணர்வும்

டக்ளஸ் கூறும் முதற்கருத்து இது: ஓரினம் மற்றோரினத்தை அடக்கி ஆளவேண்டுமாயின், அவ்வினத்தாரின் பாலுணர்வைப் பற்றி ஒரு பொய்யைப் பரப்புவது எளிய வழி. ஆதிக்கமும் பாலுணர்வும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதைப் பிரெஞ்சு அறிஞர் மிஷெல் ஃபூக்கோ ஆராய்ந்திருந்தார். டக்ளஸ் அவருடைய ஆய்வுமுறையைத் துணையாகக் கொண்டார்.

கறுப்பினப் பெண்ணைக் காமம் மிக்கவள் என்று அடிமை முதலாளிகள் சித்திரித்தனர். விவிலியத்தில் வரும் யேசபேல் அரசியின் பெயரையே அவளுக்குச் சூட்டினர். அப்படிச் சூட்டிவிட்டால், அவளைக் கெடுத்தவன் குற்றவாளி ஆகமாட்டான். கெடுக்கப்பட்டவளே குற்றவாளி ஆவாள். இப்பொய்க்குப் பின்னால் பணக்கணக்கு ஒன்றும் இருந்தது. 1662ஆம் ஆண்டில் வர்ஜீனியாவில் இயற்றப்பட்ட சட்டம், பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும் என்று விதித்தது. தந்தை வெள்ளை முதலாளியே ஆயினும் அடிமைத் தாயின் குழந்தை அடிமையே. எனவே அடிமைப் பெண்ணின் கருப்பை முதலாளியின் சொத்தைப் பெருக்கும் வயலாயிற்று.

கறுப்பின ஆணைப் பற்றிய பொய் வேறு வகையானது. அவன் வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்தானவன் என்றனர். விசாரணையின்றி மரத்தில் தூக்கிலிட இச்சொல்லே போதுமானதாக இருந்தது. அக்கொலைகளுக்குக் கூறப்பட்ட காரணங்கள் பல பொய்யானவை என்பதை ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண் இதழாளர் 1892இல் சான்றுகளோடு வெளியிட்டார். அதற்குக் கைம்மாறாக மெம்பிஸ் நகரில் இருந்த அவருடைய இதழ் அலுவலகம் அழிக்கப்பட்டது.

ஐரோப்பாவிலும் இத்தகைய பார்வை இருந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த சாரா பார்ட்மன் என்னும் பெண் 1810இல் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு, உடலமைப்பின் பொருட்டுக் கூட்டத்தார் முன் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டார். 1815இல் பாரிசில் இறந்த பின்னரும் அவருக்கு அமைதி கிட்டவில்லை. அவருடைய உடலின் பகுதிகள் நீண்டகாலம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்து, 2002இல்தான் தாய்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டன.

சமயம் செய்த பிழை

இவற்றையெல்லாம் செய்தவர்களும் கண்டும் காணாதிருந்தவர்களும் பெரும்பாலும் ஞாயிறுதோறும் கோயிலுக்குச் சென்ற கிறித்தவர்களே. அவர்களுடைய சமயம் அவர்களைத் தடுக்காதது ஏன்? டக்ளஸ் நூலின் நெஞ்சான பகுதி இவ்வினாவுக்கு அவர் தரும் விடையாகும்.

உடல் உயிரின் சிறை என்னும் எண்ணம் கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் வழிவந்தது. தொடக்ககாலத் திருச்சபை கிரேக்க நாகரிகத்தினூடே வளர்ந்தபோது இவ்வெண்ணம் அதனுள் புகுந்தது. உடலின் இச்சை பாவத்தின் வாயில் என்னும் போதனை வலுப்பெற்றது. இப்போதனையால் மட்டும் நிறவெறி பிறந்துவிடாது. ஆனால், 'இந்த இனத்தார் அறிவாலன்றி உடலால் வாழ்பவர்கள்' என்னும் பொய் அதனோடு சேரும்போது என்ன நிகழும்? உடல் இழிந்தது, இவர்களோ வெறும் உடல், ஆகவே இவர்கள் இழிந்தவர்கள் என்று முடிவு கட்டப்படும். சமயத்தின் பெயராலேயே கொடுமைக்கு நியாயம் கற்பிக்க வழி திறந்துவிடும்.

இவ்விடத்தில் டக்ளஸ் கிறித்தவத்தின் அடிப்படைக் கொள்கை ஒன்றை நினைவூட்டுகிறார். கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்பதே அச்சமயத்தின் உயிர்நிலை. பசித்த, களைத்த, அழுத, அடிபட்ட ஓர் உடலில் கடவுள் தம்மை வெளிப்படுத்தினார் என்று நம்புவோர், உடலை இகழ்தல் எங்ஙனம் பொருந்தும்? அதிலும், அவ்வுடல் அரசாங்கத்தால் அவமதிக்கப்பட்டு, ஆடை களையப்பட்டு, ஊரறியக் கொல்லப்பட்ட உடல். ஆகவே அவமதிக்கப்பட்ட உடல்களின் பக்கம் நிற்பதே அந்நம்பிக்கைக்குப் பொருந்தும் என்பது அவர் துணிபு.

அவர் தம் இனத்தாரையும் கண்டிக்கத் தவறவில்லை. காமம் மிக்கவர்கள் என்னும் பழிக்கு அஞ்சிய கறுப்புத் திருச்சபைகள், அப்பழியைப் பொய்யாக்க அளவுக்கு மீறிய ஒழுக்கத் தோற்றத்தை மேற்கொண்டன. பாலுணர்வைப் பற்றிப் பேசுவதையே விலக்கின. அம்மௌனத்தின் விலை பெரிது. எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில் நோயுற்றோரை அணைத்துக்கொள்ளப் பல திருச்சபைகள் தயங்கின. தன்பால் ஈர்ப்புடையோரைத் தள்ளி வைத்தன. உடலைக் கொண்டு இழிவு படுத்தப்பட்டவர்களே, உடலைக் கொண்டு பிறரை இழிவுபடுத்தும் நிலைக்கு வந்துவிட்டதை அவர் சுட்டுகிறார்.

திருவிதாங்கூரில் நிகழ்ந்தது

சாரா பார்ட்மன் ஐரோப்பாவில் காட்சிப் பொருளாயிருந்த அதே பத்தாண்டில், தமிழர் வாழ்ந்த தென் திருவிதாங்கூரில் பெண்ணின் உடலைப் பற்றிய மற்றொரு வழக்குத் தொடங்கியது. இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள அப்பகுதியில் நாடார் மக்கள் அக்காலத்தில் சாணார் எனப்பட்டனர். அவர்கள் குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன்னகை பூணலாகாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் செல்லலாகாது, மேலுடம்பை மறைக்கலாகாது. இவை அங்கு நிலவிய கட்டுப்பாடுகள்.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அந்நாட்டில் மேலுடம்பைத் திறந்திருத்தல் தன்னளவில் நாணத்திற்குரியதாகக் கருதப்படவில்லை. உயர்ந்தவர் முன் தாழ்ந்தவர் திறந்து நிற்பது மரியாதை எனப்பட்டது. நாயர் குலத்தாரும் தமக்கு மேலானவர் முன் அவ்வாறு நின்றனர். ஆகவே வழக்கு நாணத்தைப் பற்றியதன்று, படிநிலையைப் பற்றியது. ஓர் உடலைப் பார்த்தவுடன் அது யாருக்குக் கீழ்ப்பட்டது என்று தெரிந்தாக வேண்டும் என்பதே அக்கட்டுப்பாட்டின் கருத்து.

இலண்டன் மிஷன் சங்கத்தார் அங்குப் பணிபுரிந்தபோது, நாடார் பலர் கிறித்தவம் தழுவினர். மிஷனரிமாரின் மனைவியர் அப்பெண்களுக்கென்று குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தனர். ரெசிடெண்டாகவும் சில காலம் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவப் பெண்கள் இதனை அணிய இசைவளித்தார். ஆனால் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. உயர்குலப் பெண்கள் அணிவது போன்ற மேலாடையையும் அதன்மேல் போட்டுக்கொண்டனர். கலகம் அங்கேதான் மூண்டது. 1822 முதல் 1859 வரை மூன்று முறை பெருங்கலகம் எழுந்தது. சந்தைக்குச் சென்ற பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. வீடுகளும் வழிபாட்டிடங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் வெளியான அரச அறிக்கை, சட்டை அணியலாம். மேலாடை கூடாது என்றது.

இறுதியில் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவலியன் வற்புறுத்தியதால், 1859 ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் அரசர் ஓர் அறிக்கை வெளியிட்டார். எச்சமயத்தைச் சார்ந்த நாடார் பெண்டிரும் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அது கூறியது. ஆயினும் உயர்குலப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தலாகாது என்னும் தடை அதிலும் இருந்தது. மறைக்கலாம், ஆனால் ஒப்பாகலாகாது! முப்பத்தேழு ஆண்டுப் போராட்டத்தின் கருப்பொருள் இவ்வொரு நிபந்தனையில் வெளிப்பட்டுவிடுகிறது.

மிஷனரிமார் செய்த உதவி பெரிது; அதனை மறத்தல் நன்றி கொன்றதாகும். எனினும் டக்ளஸின் கண்கொண்டு நோக்கினால் அவ்வுதவியிலும் ஒரு குறை தென்படும். ஆங்கில நாட்டு நாகரிகம் எதனை அடக்கம் என்றதோ, அதையே அவர்கள் கிறித்தவ அடக்கம் எனக் கொண்டனர். எவ்வாடை தக்கது என்பதை அவர்களே முடிவு செய்தனர். மேலாடையைத் தோளில் இட்ட பெண்களோ மற்றொன்றைக் கேட்டனர். தம் உடலை எவ்வாறு பேணுவது என்பதைத் தாமே முடிவு செய்யும் உரிமையே அவர்கள் கேட்டது. கிறித்தவம் தழுவிய தென்னிந்தியப் பெண்களிடையே மதிப்பைப் பற்றிய கருத்து எவ்வாறு உருவாயிற்று என்பதை அமெரிக்க ஆய்வாளர் எலிசா கென்ட் 2004இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவ்வுணர்ச்சி கிறித்தவருக்கு மட்டும் உரியதாயிருக்கவும் இல்லை. அதே நிலத்தில் அதே காலத்தில் வாழ்ந்த வைகுண்ட சுவாமிகள் (1809–1851), தம்மைப் பின்பற்றிய ஆடவர்கள் தலைப்பாகை அணிந்து வழிபட வேண்டும் என்றார். தலைகுனிந்து நின்ற மக்களின் தலையில் துணியைக் கட்டியதும் உடலின் மதிப்பை மீட்ட செயலே.

மலாயாத் தோட்டங்களில்

கடல் கடந்து வந்த தமிழருக்கும் இச்சிக்கல் புதிதன்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் மலாயாத் தமிழர் வரலாற்றில் புகழ்பெற்றது. அதனைக் கூலி உயர்வுப் போராட்டம் என்று மட்டும் கூறுவோர் உண்டு. அவர்களின் கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் உண்மை புலப்படும். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியும், பிள்ளைகளுக்குக் கல்வியும், கள்ளுக்கடை மூடலும் கேட்டவர்கள், வேறு இரண்டையும் கேட்டனர். துரைமாரும் 'கறுப்புத் துரைமார்' எனப்பட்ட மேலதிகாரிகளும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்கவேண்டும் என்பது ஒன்று. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது மற்றொன்று.

திருவிதாங்கூரில் மேலாடை எதுவோ, கிள்ளானில் சைக்கிள் அதுவே. இரண்டிலும் உடலைக் கொண்டு ஒருவன் தாழ்வை ஊரறியக் காட்டச் செய்தனர். பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை இதனினும் ஆழமானது. பால்மரக் காட்டின் இருளில் விடியுமுன் தனியே நிரைக்குச் சென்ற பெண், வேலை தருபவனை எதிர்த்துப் பேசினால் அன்றையப் பேர் விழாது. குடியிருக்கும் லயத்து வீடும் தோட்டத்தாருடையது. இனம், கூலி, பாலுணர்வு ஆகிய மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்ட இழைகள் என்று டக்ளஸ் கூறுவதை விளங்கிக்கொள்ள இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. வேலைநிறுத்தம் படையைக் கொண்டு அடக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிக்கு இரையாயினர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். எனினும் அக்கோரிக்கைகள் எழுத்தில் நிலைத்துவிட்டன.

கோயிலுக்குள் சாதி

அடக்கப்பட்டவர்களே பிறரை அடக்கும் நிலை குறித்து டக்ளஸ் கூறியது தமிழ்க் கிறித்தவருக்கும் பொருந்தும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் வேளாளருக்கும் நாடாருக்கும் இடையே சுவர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருவானவர் அதனை இடித்தபோது, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஒரே அப்பத்தை உண்போர் ஒரே இடத்தில் முழந்தாளிட மறுத்தனர்.

இத்தகைய நிலைகளுக்கு விடையாகவே தலித் இறையியல் தோன்றியது. 1981இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த தியோஃபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட நூலில், தீட்டு என ஒதுக்கப்பட்ட பறையையே கிறித்துவின் அடையாளமாகக் காண்கிறார். தீண்டத்தகாதது என்று உலகம் தள்ளியதைக் கடவுள் தொட்டார் என்பதே இவர்கள் அனைவரும் கண்ட உண்மை. தலித் பெண்களோ சாதியாலும் வறுமையாலும் பெண் என்னும் நிலையாலும் மும்மடங்கு ஒடுக்கப்படுகின்றனர் என்பதை எடுத்துரைத்து, இவ்விறையியலையும் கேள்விக்கு உள்ளாக்கினர். கோனை நோக்கி டக்ளஸ் எழுப்பிய அதே கேள்வி இது.

மறுப்பும் விடையும்

இக்கருத்துகளுக்கு மறுப்பு இல்லாமல் இல்லை. நிறமும் சாதியும் ஒன்றல்ல என்பர் சிலர். அஃது உண்மையே. அமெரிக்க அடிமை வாணிகத்திற்கும் திருவிதாங்கூர்ச் சாதிமுறைக்கும் தோற்றமும் சட்டமும் வேறு வேறு. ஆயினும் ஒரு மக்கட் கூட்டத்தின் உடலைக் குறி வைத்து, அதன் வழியாக அவர்களின் நிலையை வரையறுக்கும் முறை இரண்டிலும் ஒன்றாக இருத்தலின், ஒப்பிடுவது தவறாகாது.

பாலுணர்வைப் பற்றிக் கோயிலில் பேசுவது ஒழுக்கத்தைக் குலைக்கும் என்பர் வேறு சிலர். குறிப்பாகத் தன்பால் ஈர்ப்புடையோர் பற்றி டக்ளஸ் கொண்ட நிலையைப் பல திருச்சபைகள் ஏற்பதில்லை. மலேசிய சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையின் முதல் ஆசியப் பேராயராக 1968இல் தேர்ந்தெடுக்கப்பட்ட யாப் கிம் ஹாவ், முதுமையில் சிங்கப்பூரில் அத்தகையோரை வரவேற்ற சபையொன்றுக்குத் துணை நின்றார். அவரைப் போற்றியவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. இவ்விவாதம் இன்னும் முடியவில்லை. எந்நிலையைக் கொள்வோரும் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்த்தல் நலம். பேசாமை ஒழுக்கத்தைக் காத்ததா? பேசாமையால் காக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கொடுமை செய்தவர்களே. தோட்டத்துப் பெண் தனக்கு நேர்ந்ததைத் தாயிடமும் சொல்ல நாணியபோது, அந்நாணம் அவளைக் காக்கவில்லை, அவனையே காத்தது.

உடலைப் போற்றும் எண்ணம் தமிழ் மரபுக்கு அயலானதும் அன்று. உடம்பை முதலில் இழிவெனக் கருதியிருந்து, பின்னர் அதனுள் இறைவன் கோயில் கொண்டமை கண்டு அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் திருமந்திரத்தில் கூறுகிறார். சைவர் கண்ட இவ்வுண்மையும் டக்ளஸ் தம் சமயத்தில் தேடிக் கண்ட உண்மையும் மிக அண்மையில் நிற்கின்றன.

கெப்பாலா பத்தாசிலிருந்து தெற்கே சிறிது தொலைவில், புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னாள் ஆலயம் உள்ளது. ஆண்டுதோறும் அன்னாளின் திருநாளையொட்டித் தமிழரும் சீனரும் யூரேசியரும், கிறித்தவர் அல்லாதாரும் அங்குத் திரள்கின்றனர். தோள் தோளோடு உரச, ஒரே வரிசையில் மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கின்றனர். அத்திருநாள் ஜூலை 26. திருவிதாங்கூர் அரசர் அறிக்கை வெளியிட்ட அதே நாள். இஃது எதிர்பாரா ஒற்றுமையே ஆயினும் நினைவிற் கொள்ளத் தக்கது. மறைக்கலாம், ஒப்பாகலாகாது என்று அவ்வறிக்கை கூறியது. ஒரே வரிசையில் நடப்போர் அவ்வரிசை கலைந்து வீடு திரும்பிய பின்னும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போதும், வீட்டில் வேலை செய்பவளுக்குத் தட்டு வைக்கும்போதும், ஒருவரை ஒருவர் ஒப்பாகக் கருதுகின்றனரா என்பதே டக்ளஸ் போன்றோர் கேட்கும் கேள்வி.

உயிரை மட்டும் மீட்டு உடலை விட்டுவிடும் சமயம் எழுத்தில் பாதியை மட்டும் எழுதிய மாணவனைப் போன்றது. பிறருடைய மெய்யை மதியாதவர் பேசும் மெய்யும் மெய்யாகாது.